59 வெற்றிகள்: சார்லஸ் ராட்போர்னின் கையும் அவர் பேசிய பேரமும்

கேள்வி இது: “1884-இல் ராட்போர்ன் என்ற அமெரிக்க பேஸ்பால் பிட்சர் ஒரே சீசனில் 59 ஆட்டங்களை வென்றதாகப் படித்தேன். சில இடங்களில் 60 என்று இருக்கிறது. இன்று 20 வென்றாலே கொண்டாடுகிறார்கள். அந்தக் காலத்து ஆட்டம் அவ்வளவு எளிதா, அல்லது இவர் அசுர பலசாலியா? அவருடைய கை கடைசியில் என்ன ஆனது?”

ஆட்டம் எளிதாக இருந்தது என்று சொல்ல முடியாது. மனிதர் அசுரரும் அல்லர். ஐந்தடி ஒன்பது அங்குல உயரம், நடுத்தர உடல்வாகு, மீசை, அதிகம் பேசாத சுபாவம், சட்டென்று சுருங்கிவிடும் முகம். அந்த 59-ஐ வெறும் உடல் வலிமையின் கணக்காகப் பார்த்தால் பாதிதான் புரியும். இழுத்து மூடும் நிலைக்கு வந்துவிட்ட ஒரு கிளப், ஆட்டத்தின் நடுவில் கோபித்துக்கொண்டு வெளியேறிய சக பிட்சர், தன்னை விட்டால் முதலாளிகளுக்கு வேறு ஆளில்லை என்பதை நன்றாக அறிந்திருந்த ஒரு தொழிலாளி. இந்த மூன்றும் 1884 ஜூலையில் ஒரே வாரத்தில் கூடிவந்தன. அந்த எண் அங்கிருந்துதான் பிறந்தது.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். மட்டையாளருக்குப் பந்து வீசுபவர்தான் பிட்சர். பேஸ்பாலில் அணி வென்றால் அந்த வெற்றியைப் பிட்சர் ஒருவரின் பெயரிலும் எழுதுவார்கள். தோற்றால் தோல்வியும் அப்படியே. இன்று ஒரு கிளப் சீசனுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஐந்து பிட்சர்கள் முறைவைத்துத் தொடங்குகிறார்கள். ஒருவருக்கு 32, 33 ஆட்டங்கள் கிடைத்தால் அதிகம். அதிலும் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாறு முடிந்ததும் வேறொருவரை இறக்கிவிடுவார்கள். 59 ஆட்டங்களை வெல்வது இருக்கட்டும், 59 ஆட்டங்களைத் தொடங்கவே இன்று எவருக்கும் வழியில்லை. 30-ஐத் தொட்ட கடைசி ஆள் டெட்ராய்ட்டின் டென்னி மெக்லெய்ன். 1968-இல் 31 வென்றார். ஆகவே இன்றைய வீரரை ராட்போர்னின் பக்கத்தில் நிறுத்தி அளப்பதில் பொருளில்லை. அவருடைய காலத்து ஆட்களோடு அளக்கலாம். அதைப் பிறகு செய்கிறேன்.

சார்லஸ் ராட்போர்ன் 1854 டிசம்பர் 11 அன்று நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை இங்கிலாந்திலிருந்து குடியேறிய கசாப்புக்காரர். மகன் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டனுக்குப் போய்விட்டது. வளர்ந்தபின் கொஞ்ச காலம் மாடு வெட்டும் வேலை, கொஞ்ச காலம் ரயிலில் பிரேக்ஸ்மேன் வேலை. தினமும் பந்து வீசிக் களைத்துப்போகவில்லையா என்று பிற்காலத்தில் யாரோ கேட்டதற்கு, விடியற்காலை முதல் இரவு வரை சம்மட்டியால் மாடுகளைச் சாய்த்தவனுக்கு, ஐந்து அவுன்ஸ் பந்தை இரண்டு மணி நேரம் எறிவதா களைப்பு என்று திருப்பிக் கேட்டதாக ஒரு கதை உலவுகிறது. கதை மெய்யோ பொய்யோ, அவர் எங்கிருந்து வந்தார் என்பதை அது சரியாகவே காட்டுகிறது. பேஸ்பால் அவருக்குப் பிழைப்பு. நல்ல கூலி தருகிற பிழைப்பு.

1878-இல் பியோரியா நகர அணி, 1879-இல் டுபியூக் என்று சிறிய ஊர்களில் ஆடிவிட்டு, 1880-இல் அன்றைய முதன்மை லீகான நேஷனல் லீகைச் சேர்ந்த பஃபலோ கிளப்பில் சேர்ந்தார். ஆறே ஆட்டங்கள். ஒன்றில்கூடப் பந்து வீசவில்லை. கை வலி என்று அனுப்பிவிட்டார்கள். 25 வயதில் கை போய்விட்டதாக எழுதப்பட்ட ஆள்தான் நான்கு வருடம் கழித்து இந்தக் கூத்தையெல்லாம் நடத்தினார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1881-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் கிரேஸ் கிளப் அவரை எடுத்துக்கொண்டது. அங்கே ஏற்கெனவே ஜான் மான்ட்கோமரி வார்டு என்ற இளைஞர் பிட்சராக இருந்தார். இருவரும் மாறி மாறி வீசினார்கள். வீசாத நாளில் மற்றவர் அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியில், நிற்பார். 1882 ஆகஸ்ட் 17 அன்று டெட்ராய்ட்டுக்கு எதிராக வார்டு 18 இன்னிங்ஸ் வரை ஓர் ஓட்டமும் கொடுக்காமல் வீசிக்கொண்டிருந்தார். எதிரணிப் பிட்சரும் அப்படியே. 18-ஆவது இன்னிங்ஸில் அவுட்ஃபீல்டின் வலப்பக்கமான ரைட் ஃபீல்டிலிருந்து மட்டை பிடிக்க வந்த ராட்போர்ன், ஒரே அடியில் எல்லா பேஸ்களையும் சுற்றிவரும் ஹோம் ரன் ஒன்றை அடித்தார். ஆட்டம் 1–0 என்று முடிந்தது. அடுத்த ஆண்டு வார்டு நியூயார்க் போய்விட, சுமை முழுவதும் ராட்போர்னின் தோளில் விழுந்தது. 1883-இல் 632 இன்னிங்ஸ், 48 வெற்றிகள். ஜூலை 25 அன்று கிளீவ்லாந்து அணியை ஒரு ‘ஹிட்’கூட அடிக்கவிடாமல் முடித்த ஆட்டமும் அதில் உண்டு. வார்டை மறந்துவிடாதீர்கள், திரும்பி வருவார்.

அன்றைய விதிகளைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பிட்சர் இன்றுபோல மேட்டில் நின்று வீசவில்லை. சமதரையில் கோடு போட்ட ஒரு பெட்டிக்குள் நிற்பார். பெட்டியின் முன்கோடு மட்டையாளரிடமிருந்து 50 அடி. பெட்டிக்குள் ஓரிரு எட்டு ஓடிவந்து வீசலாம். இன்றுள்ள 60 அடி 6 அங்குலத் தூரம் 1893-இல்தான் வந்தது. மட்டையாளர் தனக்கு மேல்பந்து வேண்டுமா கீழ்ப்பந்து வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்லுவார். அவர் சொன்ன உயரத்தில்தான் போட வேண்டும். கோட்டுக்கு வெளியே போகும் ஃபவுல் அடிகள் ஸ்ட்ரைக் (மூன்றானால் மட்டையாளர் அவுட்) கணக்கில் சேராது. ஆனால் பிட்சரின் ஆறு பந்து குறி தப்பினால்தான் மட்டையாளருக்கு முதல் பேஸ் இலவசம்; இன்று நான்கு. தோளுக்கு மேலிருந்து வீசக்கூடாது என்ற பழைய தடையை நேஷனல் லீக் 1884-இல் முழுவதுமாக நீக்கியது. தடை போனவுடன் இளைஞர்கள் தலைக்கு மேலிருந்து வேகமாக எறியத் தொடங்கினார்கள். ராட்போர்ன் பெரும்பாலும் பழைய பாணியிலேயே நின்றார். கை தாழ்ந்திருக்கும், வளைவையும் வேக மாற்றத்தையும் நம்பி வீசுவார். அவருடைய கை மற்றவர்களின் கைகளைவிட நீண்ட நாள் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கையுறை கிடையாது. மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர்களும் முதல் பேஸில் நிற்பவர்களும் விரல் நுனி வெட்டிய மெல்லிய தோலுறை போடத் தொடங்கியிருந்தார்கள், மற்றவர்கள் வெறுங்கை. பிராவிடன்ஸின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) ஆர்தர் இர்வின் விரல்கள் உடைந்தபோது வண்டியோட்டும் கையுறை ஒன்றில் பஞ்சு வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு ஆடினார். பின்னாளில் எல்லாரும் அணிந்த கையுறைக்கு அது ஒரு முன்னோடி. ராட்போர்ன் கடைசிவரை கையுறை பக்கமே போகவில்லை. வெறுங்கையால் பிடிக்கும்போது நழுவல்கள் எவ்வளவு என்பதற்கு 1884-இன் கணக்கே சாட்சி: அந்த ஆண்டு ராட்போர்ன் வீசும்போது எதிரணிகள் எடுத்த ஓட்டங்கள் 216, அவற்றில் பிட்சரின் பொறுப்பாகக் கணக்கிடப்படுபவை 104 மட்டுமே. பாதிக்கு மேல் பீல்டிங் பிழைகளால் போனவை.

இனி அந்த ஜூலை.

1884-இல் பிராவிடன்ஸ் கிளப்பில் இரண்டு பிட்சர்கள். ஒருவர் ராட்போர்ன், வயது 29. மற்றவர் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த சார்லி ஸ்வீனி, வயது 21. ஜூன் 7 அன்று பாஸ்டன் அணிக்கு எதிராக ஸ்வீனி ஒரே ஆட்டத்தில் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் அந்த எண்ணை 1986-இல் ரோஜர் கிளெமன்ஸ் 20 எடுக்கும்வரை பெரிய லீகில் யாரும் தாண்டவில்லை. ஊர் முழுக்க ஸ்வீனி பேச்சு. ராட்போர்னுக்கு அது பிடிக்கவில்லை. இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. மேலாளர் பிராங்க் பேன்கிராஃப்ட் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்.

ஜூலை 16 அன்று பாஸ்டனுக்கு எதிரான ஆட்டம். நடுவரின் ஒரு தீர்ப்பில் ராட்போர்னுக்குக் கோபம். கேட்சர் பார்னி கில்லிகனின் மேலும் கோபம். அதற்குப் பிறகு கேட்சர் பிடிக்க முடியாதபடி கண்டமேனிக்கு எறிந்து ஆட்டத்தைத் தோற்றுக் கொடுத்தார். நிர்வாகிகள் அவரை இடைநீக்கம் செய்தார்கள். வேண்டுமென்றே தோற்றார் என்ற சந்தேகம் அந்தக் காலத்தில் சாதாரணச் சந்தேகம் அல்ல. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 1877-இல், சூதாடிகளிடம் பணம் வாங்கியதாக லூயிவில் கிளப்பின் நான்கு வீரர்களை ஆயுளுக்கும் விலக்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்த அணியின் பிட்சர் ஜிம் டெவ்லின்.

அடுத்த ஆறே நாளில் ஸ்வீனியின் முறை வந்தது. ஜூலை 22, எதிரணி பிலடெல்பியா. ஸ்வீனி குடித்திருந்தார். ஆனாலும் பிராவிடன்ஸ் 6–2 என்று முன்னணியில் இருந்தது. பேன்கிராஃப்ட் அவரை ரைட் ஃபீல்டுக்குப் போகச் சொல்லி, அங்கே நின்ற சைக்ளோன் மில்லரை வீச அழைத்தார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காயம் பட்டால் தவிர மாற்று ஆள் இறக்க அன்றைய விதியில் இடமில்லை. அதனால்தான் இரண்டாவது பிட்சரை ரைட் ஃபீல்டில் நிறுத்தி வைப்பார்கள். தேவைப்பட்டால் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். ஸ்வீனி மாற மறுத்தார். வாக்குவாதம் முற்றி, மைதானத்தை விட்டே வெளியேறினார். மாற்று ஆள் கிடையாது என்பதால் பிராவிடன்ஸ் எட்டுப் பேரோடு, இரண்டே அவுட்ஃபீல்டர்களோடு ஆடியது. முடிவு 10–6 தோல்வி.

அன்று மாலையே ஸ்வீனியை நீக்கினார்கள். ஒரு பிட்சர் இடைநீக்கம், இன்னொருவர் வெளியே. கிளப்பைக் கலைத்துவிடலாமா என்றுகூட இயக்குநர்கள் யோசித்தார்கள். அந்த இடத்தில்தான் ராட்போர்ன் பேரம் பேசினார். மீதி ஆட்டங்களை நானே வீசுகிறேன். அதற்குக் கூடுதல் பணம் வேண்டும். சீசன் முடிந்ததும் என்னை ரிசர்வ் பட்டியலிலிருந்து விடுவிக்க வேண்டும்.

பணத்தைவிட இரண்டாவது நிபந்தனைதான் கனமானது. நேஷனல் லீக் முதலாளிகள் 1879-இல் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள்: ஒவ்வொரு கிளப்பும் ஐந்து வீரர்களை ‘ரிசர்வ்’ செய்துகொள்ளலாம், அவர்களை வேறு கிளப் எதுவும் எடுக்காது. 1883-க்குள் ஐந்து பதினொன்றாகிவிட்டது. அணியில் நிற்பதே ஒன்பது பேர் என்ற காலத்தில் பதினொன்று என்றால் கிட்டத்தட்ட எல்லாரும். ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் கிளப்பின் சொத்து. சம்பளத்தைக் குறைத்தாலும் வேறு இடம் போக முடியாது. இந்தச் சங்கிலிக்கு வெளியே 1884-இல் ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. செயின்ட் லூயிஸின் ஹென்றி லூகாஸ் என்ற பணக்காரர் ரிசர்வ் விதியை ஏற்காத யூனியன் அசோசியேஷன் என்ற போட்டி லீகைத் தொடங்கியிருந்தார். விலகிய ஸ்வீனி நேரே அவருடைய அணியில்தான் போய்ச் சேர்ந்தார். ராட்போர்னும் அங்கே போய்விடுவாரோ என்ற பயம் பிராவிடன்ஸ் இயக்குநர்களுக்கு இல்லாமல் இருந்திருக்காது. அவர் கேட்டதைக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

இதை ‘இரும்பு மனிதனின் தியாகம்’ என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். அது நல்ல பேரம். கிளப்புக்கு வேறு வழியில்லாத நாளைப் பார்த்து, தன் கையை உரிய விலைக்கு விற்றார். விற்ற பொருளைக் குறையில்லாமல் கொடுத்தார் என்பதுதான் அவருடைய பெருமை.

ஜூலை 23 முதல் அடுத்த இரண்டு மாதங்களில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆட்டங்களைத் தவிர எல்லாவற்றையும் அவரே தொடங்கினார். தொடங்கியதை எல்லாம் முடித்தார். ஆகஸ்ட் 7 முதல் செப்டம்பர் 6 வரை பிராவிடன்ஸ் தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்றது. அவற்றில் 18 ராட்போர்னின் கணக்கில் ஏறியவை. அந்தப் போக்கின் தொடக்கத்திலேயே முதலிடத்துக்குப் போட்டியிட்ட பாஸ்டனோடு அடுத்தடுத்து நான்கு ஆட்டங்கள் வந்தன. ஆகஸ்ட் 9 அன்று பத்து இன்னிங்ஸ் வரை இரு அணிக்கும் ஓட்டமில்லை. பதினொன்றாவதில், அதே கையுறைக்கார இர்வின் அடித்த பந்து வேலியிலிருந்த ஓர் ஓட்டை வழியாக வெளியே போய் ஹோம் ரன் ஆனது. 1–0. மீதி மூன்று ஆட்டங்களையும் ராட்போர்னே வீச, மூன்றும் பிராவிடன்ஸுக்கே. பாஸ்டன் அதற்குப் பிறகு அவர்களை எட்டிப் பிடிக்கவில்லை.

அந்தக் கை எப்படி இருந்தது என்பதற்கு பேன்கிராஃப்ட் பின்னாட்களில் சொன்னவைதான் ஆதாரம். காலையில் எழுந்தால் தலை வார முடியாது. கை தோளுக்கு மேலே எழும்பாது. மற்றவர்களுக்கு முன்பே மைதானத்துக்கு வந்துவிடுவார். முதலில் சில அடி தூரத்துக்குப் பந்தைக் கீழிருந்து தூக்கிப் போடுவார். பார்க்கிறவர்களுக்குக் குழந்தை எறிவதுபோல இருக்கும். கொஞ்சம் பின்னால் நகர்வார், மீண்டும் போடுவார். இன்னும் கொஞ்சம் பின்னால். முகம் வலியில் கோணும். அணித் தோழர்கள் தங்கள் பயிற்சியைச் செய்வதுபோல் பாவனை பண்ணிக்கொண்டு ஓரக்கண்ணால் அவரையே கவனிப்பார்கள். கடைசியில் அவுட்ஃபீல்டின் ஆழத்திலிருந்து பந்து நேராக கேட்சர் நிற்கும் இடம்வரை பாய்ந்து வந்தால், இன்றைக்கும் வண்டி ஓடும் என்று ஒருவருக்கொருவர் கண்சாடை காட்டிக்கொள்வார்கள். பாரம் இழுக்கும் பழைய குதிரை என்ற பொருளில் ‘ஓல்ட் ஹாஸ்’ என்ற பட்டப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது இந்த உழைப்பால்தான்.

சீசன் முடிவில் பிராவிடன்ஸின் கணக்கு 84 வெற்றி, 28 தோல்வி. பாஸ்டனைவிடப் பத்தரை ஆட்டங்கள் முன்னால். ராட்போர்னின் கணக்கு: 73 ஆட்டங்களைத் தொடங்கி 73-ஐயும் முடித்தது, 678⅔ இன்னிங்ஸ், 441 ஸ்ட்ரைக் அவுட், இலவச பேஸ் 98 மட்டும், பிட்சரின் பொறுப்பான ஓட்டங்களை மட்டும் எண்ணினால் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.38. அதோடும் விடவில்லை. அக்டோபர் 23, 24, 25 தேதிகளில் மற்றொரு லீகான அமெரிக்கன் அசோசியேஷனின் வாகையர், நியூயார்க் மெட்ரோபாலிடன்ஸ் அணியோடு நியூயார்க்கில் மூன்று ஆட்டங்கள். மூன்றையும் ராட்போர்னே வீசி மூன்றையும் வென்றார். கடுங்குளிர். மூன்றாம் நாள் சில நூறு பேர்தான் வந்திருந்தார்கள். முதல் இரண்டு நாள் எதிரணிக்கு வீசிய டிம் கீஃப் அன்று நடுவராக நின்றார் என்றால் ஏற்பாடுகளின் லட்சணத்தைப் புரிந்துகொள்ளலாம். இரண்டு லீகுகளின் வாகையர் மோதிய முதல் ‘உலகத் தொடர்’ என்று வரலாற்றில் எழுதுவது இதைத்தான்.

அவருடைய காலத்து ஆட்களோடு அளக்கலாம் என்றேன். அதே 1884-இல் லூயிவிலின் கை ஹெக்கர் 52 வென்றார். பாஸ்டனின் சார்லி பஃபின்டன் 48. பஃபலோவின் பட் கால்வின் 46. அடுத்த ஆண்டு சிகாகோவின் ஜான் கிளார்க்சன் 53. இன்னிங்ஸ் கணக்கிலும் ராட்போர்ன் முதலிடம் இல்லை: 1879-இல் சின்சினாட்டியின் வில் ஒயிட் 680 இன்னிங்ஸ் வீசியிருக்கிறார். ஒன்றிரண்டு பிட்சர்களை வைத்து முழு சீசனையும் ஓட்டுவது அன்று வழக்கம். நேஷனல் லீக் 1884-இல் ஆட்டங்களின் எண்ணிக்கையை 98-லிருந்து 112-ஆக உயர்த்தியது. பிட்சர்களின் எண்ணிக்கையை யாரும் உயர்த்தவில்லை. வெற்றிக் கணக்குகள் அந்த ஆண்டு வீங்கியதற்கு அது ஒரு காரணம். வெற்றிகளைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு: நாள் தவறாமல் வீசிய அந்த இரண்டு மாதங்களில் அவர் மோசமாகவில்லை, மேலும் கூர்மையானார். ஹெக்கருக்கு அடுத்த ஆண்டே கை தளர்ந்தது. ஸ்வீனி 1887-க்குப் பிறகு பெரிய லீகில் இல்லை.

கைக்கு என்ன ஆனது என்று கேட்டிருந்தீர்கள். ஒடிந்து விழவில்லை; மெல்லத் தேய்ந்தது. விடுதலை கிடைத்த பிறகும் ராட்போர்ன் கூடுதல் சம்பளத்துக்குப் பிராவிடன்ஸிலேயே தங்கினார். 1885-இல் 28 வெற்றி, 21 தோல்வி. அந்த ஆண்டோடு கிளப் மூடப்பட, பாஸ்டனுக்குப் போனார். 1886-இல் 27 வெற்றி, 31 தோல்வி. அந்த சீசனின் தொடக்க நாளில் பாஸ்டன், நியூயார்க் அணிகள் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தில், ராட்போர்ன் கேமராவுக்கு நடுவிரலைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தச் சைகை பதிவான மிகப் பழைய புகைப்படம் என்று அதைச் சொல்கிறார்கள். 1888-இல் 7 வெற்றி, 16 தோல்வி என்று சரிந்து, மறு ஆண்டு 20 வெற்றி, 11 தோல்வி என்று எழுந்தார்.

வார்டு திரும்பி வருவார் என்றேன் அல்லவா. பிராவிடன்ஸை விட்டு நியூயார்க் போனவர் கொலம்பியாவில் சட்டம் படித்தார். 1885-இல் பேஸ்பால் வீரர்களின் முதல் தொழிற்சங்கத்தை உருவாக்கினார். ரிசர்வ் விதி வீரர்களை அடிமைகளாக்குகிறது என்று எழுதினார். 1890-இல் சங்கமே தனி லீக் ஒன்றை நடத்தியது. பிளேயர்ஸ் லீக் என்று பெயர். 35 வயது ராட்போர்ன் நேஷனல் லீகை விட்டு அதில் சேர்ந்தார். 1884-இல் தனியாளாக மிரட்டி வாங்கிய உரிமையைக் கூட்டாகக் கேட்கும் முயற்சி அது. அவர் சேராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். பாஸ்டன் அணிக்கு 27 வெற்றி, 12 தோல்வி; அந்த அணியே பட்டமும் வென்றது. ஆனால் முதலீட்டாளர்கள் பழைய முதலாளிகளோடு சமரசமாகிவிட, லீக் ஒரே ஆண்டில் முடிந்தது. 1891-இல் சின்சினாட்டிக்காக 11 வெற்றி, 13 தோல்வி என்று வீசிவிட்டு ஓய்வு பெற்றார். பதினொரு ஆண்டுகளில் 4,527 இன்னிங்ஸ்.

பிறகு புளூமிங்டனில் மதுவிடுதியும் பில்லியர்ட்ஸ் கூடமும் நடத்தினார். 1894-இல் வேட்டைக்குப் போன இடத்தில் தவறுதலாக வெடித்த துப்பாக்கி அவருடைய இடது கண்ணைப் பறித்தது, முகமும் சிதைந்தது. அதன்பின் விடுதியின் பின்னறையிலேயே பெரும்பாலும் முடங்கிக் கிடந்தார். 1897 பிப்ரவரி 5 அன்று இறந்தபோது வயது 42. சிபிலிஸ் மூளையைத் தாக்கியிருந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். ஸ்வீனியின் முடிவும் நன்றாக இல்லை. அதே 1894-இல் சான் பிரான்சிஸ்கோ மதுவிடுதி ஒன்றில் ஒருவரைச் சுட்டுக் கொன்று சிறை சென்றார். 1902-இல் காசநோயால் இறந்தார்.

கடைசியாக 59-ஆ 60-ஆ என்ற கேள்வி. சிக்கல் 1884 ஜூலை 28 அன்று பிலடெல்பியாவோடு நடந்த ஆட்டத்தில் இருக்கிறது. தொடங்கியவர் சைக்ளோன் மில்லர். ஐந்து இன்னிங்ஸ் வீசி முன்னணியோடு ஒதுங்கினார். மீதி நான்கை ராட்போர்ன் வீசி முடித்தார். நன்றாக வீசியவருக்கே வெற்றி என்று அன்றைய அதிகாரபூர்வக் கணக்காளர் ராட்போர்னுக்கு எழுதினார். அப்படிப் பார்த்தால் 60. முன்னணியில் இருக்கும்போது ஐந்து இன்னிங்ஸ் முடித்தவருக்கே வெற்றி என்ற இன்றைய விதியைப் பொருத்தினால் அது மில்லருக்குப் போய் 59 ஆகும். பெரும்பாலான பதிவுகள் இப்போது 59 என்றே தருகின்றன. நானும் அதையே பின்பற்றுகிறேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்கூடத்தில் 1939-இல் அவரைச் சேர்த்தபோது வைத்த வெண்கலப் பட்டயத்தை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். சீசனின் கடைசி 27 ஆட்டங்களையும் அவரே வீசி 26 வென்றார் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். முதலிடம் உறுதியான பிறகு வந்த கடைசி ஆட்டங்களில் வேறு சிலரும் வீசியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, அவருடைய பெயரின் கடைசியிலும் இல்லாத ஓர் எழுத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.